கலவரம் ஓய்ந்த தெருவில் சுவரும் மேடையும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் 'பெருஞ்சுவர்' பற்றிய கட்டுரை வந்திருந்தது. வெள்ளநீர்க் கால்வாயின் கான்கிரீட் பக்கச்சுவரில், வழக்குகளில் சிக்கிய இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு வரைந்த ஓவியம் அது. அதையொட்டி வந்த கடிதங்களில் பலவும் 'இதை எப்படிச் செய்தார்கள், நாங்கள் செய்தால் எங்கே இடறும்?' என்றே கேட்டன. சுவரோவியம், சிறைப் பட்டறை, அரங்கப் பயிற்சி ஆகியவற்றில் பழகிய எங்கள் குழுவினர் இங்கே பதில் தருகிறார்கள்.

பேட்டைச் சண்டையில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளும் பையன்களை ஒரே சுவர் முன்னால் எப்படி நிறுத்தினார்கள்? கூலி கொடுத்தார்களா, இல்லை 'சேவை' என்று சொல்லி வேலை வாங்கினார்களா?
*– கல்லூரி மாணவி, சேலம்*

கூலி கொடுத்தார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்ல வேண்டியது அதுதான். பதினாறு வயதுப் பையன் கோடை முழுக்கக் கொதிக்கும் கான்கிரீட் மேல் நிற்கிறான் என்றால், வார முடிவில் அம்மா கையில் கொடுக்க அவனிடம் பணம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் நாள் வரமாட்டான். அதில் அவனைக் குறை சொல்லவும் முடியாது.

பெருஞ்சுவரை முன்னின்று நடத்திய ஜூடி பாக்கா என்ற ஓவியர் அதற்கு முன்பே இந்த வேலையில் கை பழகியவர். 1970-ல் நான்கு எதிரெதிர் கும்பல்களிலிருந்து இருபது பேரைச் சேர்த்து, பாயில் ஹைட்ஸ் பகுதியில் உள்ள ஹாலன்பெக் பூங்காவின் இசைமேடைக்குள் கைவிரித்து நிற்கும் ஒரு பாட்டியை வரையவைத்தார். 1974-ல் அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் பிரிவு பெருஞ்சுவர் இருக்கும் டுஹங்கா கால்வாய் விஷயமாக அவரை அணுகியது. 1976 கோடையில் 80 இளைஞர்கள், 10 ஓவியர்கள், 5 வரலாற்றாளர்கள் சேர்ந்து 1,000 அடி நீளம் வரைந்து முடித்தார்கள். பிறகு 1978, 1980, 1981, 1983 கோடைகளில் வேலை தொடர்ந்தது. அதற்குள் அந்தச் சுவர் 2,754 அடி நீளத்தை எட்டியிருந்தது. 400-க்கும் மேற்பட்ட இளைஞர்களின் கை அதில் பட்டிருக்கிறது. கோடையில் மட்டும் வேலை நடந்ததற்குக் காரணம் எளிது. அது ஓடும் கால்வாய். மழைக்காலத்தில் தண்ணீர் வரும், சாரம் கட்ட முடியாது.

இனி நீங்கள் கேட்ட 'எப்படி'. ஆட்களை ஐந்து முதல் எட்டுப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். ஒரே தெருக்காரர்கள் இரண்டு பேருக்கு மேல் ஒரு குழுவில் வேண்டாம். முதல் வாரத்தில் தனியாகச் செய்யவே முடியாத வேலையைக் கொடுங்கள். கட்டம் போடுவது அதற்குத் தோதானது. காவி தோய்த்த நூலை ஒருவன் இந்த முனையிலும் இன்னொருவன் அந்த முனையிலும் இழுத்துப் பிடிக்க, நடுவில் சுண்டினால் சுவரில் நேர்கோடு விழும். எதிர்முனையில் இருப்பவன் தளர்த்திப் பிடித்தால் கோடு இரட்டையாகும், மறுபடி போட வேண்டும். பேசாமல் அந்த வேலை நடக்காது. 'மேலே தூக்கு', 'இறக்கு', 'பிடி' என்று மூன்று சொல்லாவது பேசியாக வேண்டும். முதல் வாரத்துக்கு அது போதும். சமாதானப் பேச்சு, கட்டிப்பிடிப்பு எதையும் யாரிடமும் கேட்காதீர்கள்.

பெரும்பாலும் கெடுவது ஓர் இடத்தில்தான். கும்பலில் மூத்தவனுக்கு மேற்பார்வை கொடுத்துவிட்டால் எல்லாம் அடங்கும் என்று கணக்குப் போடுவார்கள். தெருவில் இருந்த மேல்–கீழ் அப்படியே சாரத்தின் மேல் ஏறிவிடும். பொறுப்பை வாரம் ஒருவர் என்று மாற்றுங்கள். வருகைப் பதிவேடும் கூலிக் கணக்கும் மட்டும் வெளியாள் கையிலேயே இருக்கட்டும்.

போலீஸ் ஒருவரைச் சுடுகிறது, ஊர் எரிகிறது. அதன்மேல் பூவும் பறவையும் வரைந்து மூடுவது மழுப்பல் அல்லவா?
*– ஓய்வு பெற்ற ஆசிரியர், மதுரை*

பூவும் பறவையும் வரைந்தால் மழுப்பல்தான். ஐயா கேட்ட கேள்வியை வேலை தொடங்கும் ஒவ்வொருவரும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதி ஆறு நாள் எரிந்தது. 34 பேர் இறந்தார்கள். அங்கே வாட்ஸ் கோபுரக் கலை மையத்தை நடத்திக்கொண்டிருந்த நோவா பியூரிஃபாய், நண்பர் ஜட்சன் பவலோடு சேர்ந்து, எரிந்த கடைகளின் இடிபாடுகளிலிருந்து மூன்று டன் பொருட்களைப் பொறுக்கிச் சேர்த்தார். கரிந்த மரம், வளைந்த இரும்பு, தீயில் உருகிக் கட்டிதட்டிப்போன நியான் விளக்குப் பலகைகள். வேறு ஓவியர்களும் சேர்ந்துகொள்ள, அவற்றிலிருந்து 66 படைப்புகள் உருவாயின. 1966-ல் அதே பகுதியின் மார்க்கம் பள்ளியில் அவை காட்சிக்கு வந்தன. எரிந்ததை அவர்கள் மறைக்கவில்லை, எரிந்ததையே எடுத்து நிறுத்தினார்கள். பின்னாளில் கலிஃபோர்னியா மாநிலக் கலை மன்றத்தில் இருந்தபோது, மாநிலச் சிறைகளுக்குள் கலைஞர்களை அனுப்பும் திட்டத்தைத் தொடங்கி வைத்தவரும் இதே பியூரிஃபாய்தான். கலவரம் நடந்த தெருவுக்கும் சிறைக் கொட்டடிக்கும் இடையில் உள்ள வழியை அவர் கண்ணால் பார்த்தவர்.

சுவரோவியமே காயமாகிப்போவதும் உண்டு. ஃபிலடெல்ஃபியாவில் போலீஸ் ஆணையராக இருந்து பிறகு மேயரான ஃபிராங்க் ரிஸோவின் உருவம் 1995 முதல் இத்தாலியச் சந்தையில் ஒரு சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. கறுப்பின மக்களுக்கு அந்த முகம் தடியடியின் முகம். திரும்பத் திரும்ப அதன்மேல் பெயின்ட் வீசினார்கள், திரும்பத் திரும்பச் சரிசெய்தார்கள். 2020 ஜூனில், ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ் கொன்றதை அடுத்து எழுந்த போராட்டங்களின்போது, அதை வெள்ளையடித்து அழித்துவிட்டார்கள். ஆகவே யார் முகம், யார் சொல்லி, யார் பணத்தில் என்ற மூன்றுக்கும் பதில் எழுதி வைத்துக்கொண்டுதான் தூரிகையைத் தொட வேண்டும். செத்தவர் வீட்டார் வேண்டாம் என்றால் அந்த முகம் வேண்டாம். அதற்குமேல் அதில் விவாதம் இல்லை.

சிறையில் இருப்பவர்கள் வெளியே வர முடியாது, சுவரோ தெருவில் இருக்கிறது. கைதிகள் சுவரோவியம் வரைந்தார்கள் என்பது எப்படி? இங்கேயும் செய்ய முடியுமா? பொருள், அளவு விவரத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.
*– சிறைவாசிகள் நலத் தன்னார்வலர், கோவை*

துணியில் வரைந்து சுவரில் ஒட்டுகிறார்கள். ஃபிலடெல்ஃபியாவின் சுவரோவிய அமைப்பு இதைப் பெரிய அளவில் செய்துவருகிறது. நகரத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் இருந்த கிரேட்டர்ஃபோர்டு சிறையில், ஆயுள் தண்டனைக் கைதிகள் இப்படித்தான் வேலை செய்தார்கள். ஃபிலடெல்ஃபியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் ஆயுள் என்றால் பரோல் கிடையாது. தாங்கள் வரைந்த சுவரை நேரில் பார்க்க வாய்ப்பில்லாதவர்களே அதை வரைந்தார்கள். (2018-ல் அந்தச் சிறை மூடப்பட்டு, கைதிகள் பக்கத்தில் கட்டிய புதிய சிறைக்கு மாற்றப்பட்டார்கள்.)

துணியைப் பற்றி முதலில். அவர்கள் 'பாராசூட் துணி' என்று சொல்வது நெய்யாத மெல்லிய பாலியஸ்டர் துணி. 5 அடிக்கு 5 அடிச் சதுரங்களாக வெட்டிக்கொள்கிறார்கள். சிறை மேசையில் விரிக்கலாம், சுருட்டி எடுத்துப் போகலாம், ஒட்டினால் சுவரோடு சுவராகிவிடும். நம்மூரில் கடைப்பைக்குப் பயன்படும் நான்-வோவன் துணியைப் பார்த்து 'இதுதானே' என்று வாங்கிவிடாதீர்கள். அது பாலிப்ரொப்பிலீன். பெயின்ட் பிடிக்காது, வெயிலில் பொடிந்துபோகும். மொட்டைமாடியில் நீர்க்கசிவைத் தடுக்க அக்ரிலிக் பூச்சுக்கு நடுவில் வைக்கும் பாலியஸ்டர் நான்-வோவன் துணியைக் கேளுங்கள். ஒரு முழம் வாங்கி, பூசி, ஒட்டி, இரண்டு வாரம் வெயிலில் விட்டுப் பார்த்த பிறகு மொத்தமாக வாங்குங்கள்.

20 அடி அகலம், 15 அடி உயரம் கொண்ட சுவரை எடுத்துக்கொள்வோம். 300 சதுர அடி, 12 துண்டு. படம் ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் 20க்கு 15 அங்குலத் தாளில் முடிந்திருக்க வேண்டும். அந்தத் தாளில் 5 அங்குலக் கட்டம் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு கோடு முகத்தில் கண்ணையோ வாயையோ வெட்டிக்கொண்டு போனால் படத்தைச் சற்று நகர்த்துங்கள். ஒட்டும்போது ஒரு நூல் அளவு விலகினாலும் அந்த முகம் கோணிவிடும்.

துணியை 5 அடி 2 அங்குலமாக வெட்டி, நாலு பக்கமும் ஓர் அங்குலம் கூடுதலாக விடுங்கள். அந்த ஓரத்திலும் படம் தொடர வேண்டும். பின்பக்கத்தில் வரிசை எண்ணும், மேல்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறியும் எழுதுங்கள். இதை மறந்தவர்கள் வானத்துத் துண்டைத் தலைகீழாக ஒட்டிவிட்டு, மேகத்தின் நிழல் ஏன் மேலே விழுகிறது என்று தேடுவார்கள். மேசைமேல் கட்டாயம் பிளாஸ்டிக் தாள் விரியுங்கள். துணி மெல்லியது, பெயின்ட் ஊடுருவி மேசையில் ஒட்டிக்கொள்ளும், பிய்க்கும்போது கிழியும். வெள்ளை அக்ரிலிக் பிரைமர் ஒரு கோட் அடித்து உலரவிட்ட பிறகே படக்கோட்டைப் பதிக்க வேண்டும்.

ஒவ்வொரு வண்ணப் பரப்புக்குள்ளும் ஓர் எண். எண்ணுக்கு ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. வரையத் தெரியாதவரும் இந்த முறையில் முதல் நாளே வேலையில் உட்காரலாம். ஆனால் நிறம் கலப்பது பழகிய ஒருவர் வேலை. ஒரு நிறத்துக்குத் தேவையான மொத்த அளவையும் ஒரே தடவையில் கலந்துவிடுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் அதே நிறம் வராது, சுவரில் நடுவே பட்டை தெரியும். இரண்டு கோட்டுக்கு எல்லா நிறமும் சேர்த்து 8 முதல் 10 லிட்டர் அக்ரிலிக் பெயின்ட் தேவைப்படும். காவி, மஞ்சள் ஆக்சைடு, கறுப்பு இவை வெயிலுக்கு நிற்கும். பளிச்சென்ற ரோஸ், ஊதா, ஒளிரும் ஆரஞ்சு வகைகள் சீக்கிரம் வெளிறும்.

சிறைக்குள் வேலையை நிறுத்துவது பெரும்பாலும் கலை சம்பந்தமில்லாத ஒன்று: கருவிக் கணக்கு. உள்ளே போகும் ஒவ்வொரு பிரஷும் எண்ணிக்கையோடு கேட்டில் கொடுக்கும் பட்டியலில் இருக்க வேண்டும். ஒரு பலகையில் ஒவ்வொரு கருவியின் வெளிக்கோட்டையும் வரைந்து ஆணியில் மாட்டி வையுங்கள். எது காணோம் என்று ஒரு பார்வையில் தெரியும். ஒரு பிரஷ் குறைந்தாலும் யாரும் அறையை விட்டு நகர முடியாது, அடுத்த வாரம் வகுப்பே இல்லாமல் போகலாம். பிளேடு, கத்தரி வேண்டாம். துணியை வெளியிலேயே வெட்டி எடுத்துப் போங்கள். டர்பன்டைன், தின்னர் எதுவும் கூடாது. தண்ணீரில் கழுவும் பெயின்ட் மட்டும். கண்ணாடிக் குப்பி கூடாது. மாலைக் கணக்கெடுப்புக்கு 30 நிமிடம் முன்பே கழுவ ஆரம்பியுங்கள். பத்துப் பேர் ஒரே குழாயில் பிரஷ் கழுவ அவ்வளவு நேரம் பிடிக்கும்.

இனி சுவர். சிறைக்குள் ஆறு மாதம் உழைத்த துணி, தவறான சுவரால் ஒரே மழையில் உரிந்துவிடும். உப்புப் பூத்த சுவர் வேண்டாம். புதுப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் காய வேண்டும். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் இருக்கிறது. சுண்ணாம்பு அடித்த சுவராக இருந்தால் கையால் தேய்த்தாலே பொடி வரும். அந்தப் பொடிமேல் எதை ஒட்டினாலும் பொடியோடு சேர்ந்து விழும். அடிப்பூச்சு வரை சுரண்டிவிட்டு, காரம் தாங்கும் பிரைமர் அடியுங்கள்.

ஒட்டுவதற்கு அக்ரிலிக் ஜெல், இந்த அளவுக்கு 10 முதல் 12 லிட்டர். மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசை விலை குறைவு என்று ஆசைப்படாதீர்கள், மழையில் மறுபடி இளகும். சுவரில் ஒரு கோட், துணியின் பின்புறம் ஒரு கோட். மேல் வரிசையின் நடுவில் உள்ள இரண்டு துண்டுகளில் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக் காற்றை வெளியேற்ற வேண்டும். அடுத்த துண்டு இரண்டு அங்குலம் மேலேறி உட்காரும். அந்த இரட்டைப் பகுதியின் நடுவே இரும்பு ஸ்கேல் வைத்துக் கூரிய பிளேடால் இரண்டு துணியையும் சேர்த்து அறுத்து, மேல் கீற்றையும் அடிக் கீற்றையும் உருவிவிட்டால் இரண்டு விளிம்பும் மயிரிழை இடைவெளி இல்லாமல் சேரும். காற்றுக் குமிழ் தெரிந்தால் சிறிதாகக் கீறி உள்ளே ஜெல் தடவி அழுத்துங்கள். நேர் வெயிலில் ஒட்டாதீர்கள், ஜெல் தோல் கட்டிவிடும். நிழல் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் வேலை செய்யுங்கள். 24 மணி நேரத்துக்கு மழை இருக்கக் கூடாது. மூட்டுகளைப் பெயின்ட்டால் தொட்டுச் சரிசெய்து, ஒரு வாரம் கழித்து வெயில் தாங்கும் வார்னிஷ் இரண்டு கோட்.

ஓவியத்தின் கருவைப் பற்றியும் ஒன்று. 2004-ல் கிரேட்டர்ஃபோர்டு கைதிகளும், குற்றங்களால் உறவுகளை இழந்தவர்களும் சேர்ந்து ஒரு சுவரை வடிவமைக்க உட்கார்ந்தார்கள். ஒரே படத்தில் இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் ஜெர்மன்டவுன் சாலையில் இரண்டு சுவர்கள்: ஒன்றில் கைதியின் பயணம், மற்றொன்றில் பாதிக்கப்பட்டவரின் பயணம். துணித் துண்டுகளை இரு தரப்பும் வரைந்தார்கள். சமரசம் என்ற பெயரில் இரண்டு பேருக்கும் பிடிக்காத ஒரு படத்தை வரைவதைவிட இது எவ்வளவோ மேல்.

இரவில் சுவரில் ஸ்ப்ரே அடித்துப் பிடிபட்ட பையன்களை ஓவிய வகுப்புக்கு அனுப்பினால் திருந்துவார்களா?
*– வாசகர், பெங்களூரு*

ஃபிலடெல்ஃபியா அமைப்பே அப்படிப் பிறந்ததுதான். 1984-ல் மேயர் வில்சன் குட், சுவரில் கிறுக்கமாட்டோம் என்று எழுதிக் கொடுப்பவர்கள் மேல் வழக்கில்லை என்று அறிவித்தார். அவர்களைச் சேர்த்து வேலை செய்ய ஜேன் கோல்டன் என்ற ஓவியரை நியமித்தார்கள். ஸ்ப்ரே கையோடு வந்த பையன்களுக்கு உயரமும் எழுத்தின் வடிவமும் வேகமும் ஏற்கெனவே கைவந்திருந்தன. அந்தத் திறமையை ஒப்புக்கொண்டு தொடங்கினால் நிற்பார்கள். 'திருத்தும்' வகுப்பு என்று பெயர் வைத்தால் பெயருக்கு வந்துவிட்டுப் போவார்கள்.

லண்டனில் எங்கள் பகுதி இளைஞர் மன்றத்தில், ஒரு வன்முறைக்குப் பிறகு பிள்ளைகள் துண்டுச் சீட்டுகளில் எழுதி ஒட்டிய பலகை ஒன்று இருக்கிறது. உதிர ஆரம்பித்துவிட்டது. காப்பாற்ற வழி உண்டா?
*– வாசகி, குரோய்டன், லண்டன்*

உங்கள் நகரத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 2011 ஆகஸ்டில் டாட்டன்ஹாமில் மார்க் டக்கன் என்ற இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்றதை அடுத்துக் கலவரம் பரவியபோது, பெக்கம் ரை லேனில் உடைந்த கடைக் கண்ணாடிக்குப் பலகை அடித்திருந்தார்கள். 'பெக்கம் ஷெட்' என்ற இளைஞர் நாடகக் குழுவினர் அதில் ஒட்டுச்சீட்டுகளை ஒட்டி, போவோர் வருவோரை எழுதச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. பலகையைப் பத்திரப்படுத்தி, பிறகு அந்தக் கையெழுத்துகளை அப்படியே பெயர்த்து பெக்கம் சதுக்கத்தில் நிரந்தரச் சுவராக்கினார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. முதலில் எதையும் தொடாமல் பலகை முழுவதையும் ஓரடிக் கட்டங்களாகப் பிரித்து, நேர்எதிரே நின்று, பக்கவாட்டு வெளிச்சம் விழாமல் படமெடுங்கள். கட்டத்துக்கு ஒரு எண். உதிர்ந்த சீட்டைப் பென்சிலால் பின்புறம் கட்ட எண் எழுதி உறையில் போடுங்கள். செல்லோ டேப் மட்டும் வேண்டாம், சில ஆண்டுகளில் மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். ஜெல் பேனா, ஸ்கெட்ச் எழுத்துகள் வெளிச்சத்தில் மறையும் என்பதால் பலகையை ஜன்னல் இல்லாத சுவருக்கு மாற்றுங்கள். கோபமாக எழுதிய சீட்டுகளை யாராவது அகற்றச் சொல்வார்கள். ஒருவரைப் பெயர் சொல்லி மிரட்டும் சீட்டை எடுத்துவிடுங்கள். போலீஸைத் திட்டிய சீட்டு இருக்கட்டும், அதுவும் அந்த நாளின் சாட்சிதான்.

'நிறுத்து' என்று சொல்லிப் பார்வையாளரே மேடையேறும் மன்ற அரங்கு முறையை விடுதி மாணவர்களோடு செய்ய நினைக்கிறேன். எத்தனை நாள் வேண்டும்? எங்கே சொதப்பும்?
*– நாடகத் துறை மாணவர், புதுச்சேரி*

பிரேசிலின் அகஸ்தோ போவால் நாடு கடந்து வாழ்ந்த 1970-களில் உருவாக்கிய முறை இது. சிறைகளிலும் அவர் இதைச் செய்தார். இந்தியாவில் மேற்கு வங்கத்தின் ஜன சன்ஸ்கிருதி 1985 முதல் கிராமங்களில் செய்துவருகிறது.

12 முதல் 15 பேர், இரண்டு மணி நேர அமர்வுகள் ஆறு. முதல் இரண்டும் விளையாட்டும், பேசாமல் உடலால் சிலை அமைப்பதும். மூன்றாவதில் கதைகள் வரும். நான்காவதிலும் ஐந்தாவதிலும் ஒரு காட்சியைக் கட்டுங்கள். ஆறாவதில் பார்வையாளர் முன் போடுங்கள். காட்சி 5 முதல் 8 நிமிடம், அதற்குமேல் வேண்டாம். அது தோல்வியில் முடிய வேண்டும். நாயகன் வேறுவிதமாக நடந்திருக்கலாமே என்று தோன்றும் திருப்பங்கள் இரண்டு மூன்றாவது நடுவில் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, இரவு பத்து மணிக்கு பைக்கை நிறுத்தி போலீஸ் விசாரிக்கிறது. சாவியைப் பிடுங்கும் கணம், நண்பன் போனில் படம் பிடிக்க ஆரம்பிக்கும் கணம், பெயரைச் சொன்னதும் ஊரைக் கேட்கும் கணம். மறுபடி போடும்போது பார்வையாளர் இந்தக் கணங்களில்தான் 'நிறுத்து' என்பார்கள்.

சொதப்பும் இடங்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். பார்வையாளர் போலீஸ்காரர் பாத்திரத்தை மாற்றி நல்லவராக்கிவிடுவார், பிரச்சினை ஆவியாகிவிடும். ஒடுக்குபவரை மாற்றக்கூடாது, ஒடுக்கப்பட்டவர் இடத்துக்கு மட்டுமே வரலாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். சிலர் சினிமா பாணியில் நாலு அடி போட்டுவிட்டு உட்காருவார்கள். நிகழ்ச்சியை நடத்தும் நெறியாளர் உடனே கூட்டத்தைப் பார்த்து, 'நம்ம தெருவுல இது நடக்குமா? மறுநாள் காலையில என்ன ஆகும்?' என்று கேட்க வேண்டும். தீர்ப்பு நெறியாளர் வாயிலிருந்து வரக்கூடாது. எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, ஒருவருக்கு நடந்ததை அவரையே நாயகனாக்கி நடிக்கவைப்பது. மூன்று பேர் கதைகளைக் கலந்து ஒரு கதையாக்குங்கள். நடந்தது யாருக்கு என்று மேடையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியக் கூடாது. வழக்கு நடந்துகொண்டிருக்கும் சம்பவத்தைத் தொடவே வேண்டாம். மேடையில் சொன்னது கோர்ட்டில் வந்து நிற்கும்.

சிறையில் தன் கதையைச் சொல்லத் தயங்குபவர்களுக்கு முகமூடி நல்ல துணை. 1987 முதல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இயங்கும் கீஸ் நாடகக் குழுவின் காட்சிகளில், பாத்திரம் முகமூடியோடு பேசிக்கொண்டிருக்கும். 'முகமூடியைத் தூக்கு' என்று பார்வையாளர் கேட்டால், அதை உயர்த்தி உள்ளே ஓடும் நினைப்பைச் சொல்லும். எதிரே உட்கார்ந்திருப்பவர், தான் எப்போதும் எந்த முகமூடியோடு திரிகிறோம் என்று தானாகவே யோசிப்பார். நீங்கள் அதை விளக்கத் தேவையில்லை.

இதனால் குற்றம் குறைந்தது என்பதற்கு ஆதாரம் உண்டா? நிதி கேட்கப் போனால் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.
*– சமூகப்பணி மாணவி, திருச்சி*

1983-ல் லாரன்ஸ் புரூஸ்டர் என்ற ஆய்வாளர் கலிஃபோர்னியாவின் நான்கு சிறைகளில் கலைத் திட்டத்தின் செலவையும் பயனையும் கணக்கிட்டார். கலை வகுப்புக்கு வந்தவர்கள் சிறைக்குள் விதிமீறலில் சிக்குவது குறைந்திருந்தது, செலவைவிடப் பயன் அதிகம் என்று அவர் காட்டினார். இதைத் தாராளமாக மேற்கோள் காட்டுங்கள். ஆனால் வகுப்புக்குத் தானாக வருபவர் ஏற்கெனவே ஒழுங்குக்கு மனம் வைத்தவராக இருக்கலாம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். விவரம் தெரிந்த அதிகாரி அதைக் கேட்பார். நீங்களே முந்திச் சொல்லியிருந்தால் மற்றவற்றையும் நம்புவார். நல்ல பெயர் எடுத்த அந்தத் திட்டத்துக்கே 2010-ல் மாநில நிதி நின்றுபோய், 2014-ல்தான் மறுபடி வந்தது.

உங்கள் விண்ணப்பத்தில் 'குற்றம் குறையும்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வேலை, வீடு, போலீஸ் நடத்தை இவற்றில் எதையும் நீங்கள் மாற்றப் போவதில்லை. எண்ணக்கூடியதை எழுதுங்கள்: எத்தனை பேர் சேர்ந்தார்கள், கடைசி நாள் வரை எத்தனை பேர் நின்றார்கள், கூலி எவ்வளவு போய்ச் சேர்ந்தது, எத்தனை பேர் பெயின்டிங் கான்ட்ராக்டரிடமோ சைன்போர்டு கடையிலோ வேலைக்குப் போனார்கள். இதற்கு முதல் நாளிலிருந்தே பதிவேடு வேண்டும். கடைசி மாதத்தில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதும் பதிவேடு பார்த்தாலே தெரியும்.

கூர்நோக்கு இல்லத்துப் பிள்ளைகளோடு சுவரோவியம் முடித்திருக்கிறோம். திறப்பு விழாவுக்குப் பத்திரிகையாளர்களை அழைக்கலாமா? பிள்ளைகள் தங்கள் பெயர் சுவரில் வர வேண்டும் என்கிறார்கள்.
*– தொண்டு நிறுவன ஊழியர், திருநெல்வேலி*

சுவரைப் படமெடுக்க அழைக்கலாம், பிள்ளைகளைப் படமெடுக்க அல்ல. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் தெரியவைக்கும் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதுகைக் காட்டி நிற்கும் படமும் பாதுகாப்பு இல்லை. சட்டை, தழும்பு, பச்சை குத்தியது, முடிவெட்டு போதும், ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள். உங்கள் அமைப்பின் வாட்ஸப் ஸ்டேட்டஸுக்கும் இது பொருந்தும். அதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள்.

பெயர் கேட்பது நியாயமான ஆசை. வரைந்தவன் கையெழுத்துப் போடாமல் எந்தப் படமும் முடிந்த மாதிரி இருக்காது. ஒவ்வொருவரும் தனக்கென ஒரு சின்ன அடையாளம், ஓர் இலை, ஒரு மீன், ஒரு முடிச்சு என்று தேர்ந்தெடுத்துச் சுவரின் அடிப்பட்டையில் வரையட்டும். கைரேகையும் உள்ளங்கை அச்சும் வேண்டாம். எந்த அடையாளம் யாருடையது என்ற பட்டியல் ஒரே பிரதி, கண்காணிப்பாளரின் பூட்டிய அலமாரியில். வெளியே போகும் நாளில் பிள்ளையின் கையில், தன் அடையாளம் மட்டும் தெரியும் ஒரு புகைப்படத்தை ஐந்துக்கு ஏழு அங்குல அளவில் கொடுத்தனுப்புங்கள். பின்புறம் இல்லத்தின் முத்திரை வேண்டாம்.